புள்ளி அசையவில்லை

என் அக்காவின் தொண்டையைக் கெடுத்தது சளி இல்லை, தூசி இல்லை, அவள் குடித்த குளிர்ந்த தண்ணீரும் இல்லை. ஒரு ரெக்கார்டு பிளேயர். அதிலும் அதன் வயிற்றுக்குள் இருந்த, சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு பித்தளை உருளை. இதைச் சொன்னால் ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்தபோது அக்காவுக்கு ஏழு வயது, எனக்கு நான்கு. அம்மா எங்கள் இரண்டு பேரையும் கையில் பிடித்துக்கொண்டு, தாய்நாட்டை விட்டு, இந்த ஊரில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு வந்தாள். பெரியம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. பின்பக்க அறை எங்களுக்கு, முன்னறையை ஒட்டிய அறை பெரியப்பாவுக்கு. அவர் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு வந்தபோது இரண்டு பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில், கம்பளியில் சுற்றி, ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய அந்த ரெக்கார்டு பிளேயர்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. மரத்தாலான அடிப்பெட்டி, கனமான தட்டு, தட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், ஓரத்தில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. முன்னறை அலமாரியின் மேல் அதை வைத்து, நான்கு காலுக்கும் ரப்பர் துண்டு கொடுத்து, ஒயரை எல்லாம் கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தார். எதை ஒட்டினாலும் டேப்பின் நுனியைக் கொஞ்சம் மடித்துவிடுவார், மறுபடி பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை என்று. இன்ஜின் அறைப் பழக்கம். எங்கள் வீட்டுக் குழாய், குடை, அம்மாவின் கண்ணாடி எல்லாவற்றிலும் அந்த மடிந்த நுனி இருக்கும்.

தெருவில் அவருக்குப் பெயர் ‘பெல்ட்டு’. யார் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாலும், மீட்டர் பார்க்க வந்தவரானாலும் சரி, உட்காரவைத்து ஒரு பாடம் நடத்தாமல் விடமாட்டார். எனக்கு அந்தப் பாடம் மனப்பாடம்.

“தட்டைச் சுத்த வைக்க மூணு வழிதான் இருக்கு. ஒண்ணு, ரப்பர் சக்கரம். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு சக்கரம் ரெண்டையும் அழுத்திக்கிட்டு நிக்கும். சுவிட்சைப் போட்டதும் பிச்சுக்கிட்டுக் கிளம்பும், அது வாஸ்தவம். ஆனா மோட்டார் உறுமுறது அப்படியே ஊசிக்கு ஏறிடும். அழுத்தின மேனிக்கு விட்டுட்டா சக்கரத்துல பள்ளம் விழுந்து டொக்கு டொக்குன்னு அடிக்கும். ரெண்டாவது, மோட்டாரையே தட்டுக்கு அடியில வெச்சிடறது. ஸ்பீடு துல்லியம்னு பீத்திக்குவாங்க. ஆனா மோட்டார் தலையிலயே பாட்டு உக்காந்திருக்கு. அது லேசா தடுமாறும், உடனே தன்னைத் திருத்திக்கும், மறுபடி தடுமாறும். அந்த நடுக்கம் பாட்டுல வராம எங்க போகும்? மூணாவது, பெல்ட். மோட்டார் ஒரு மூலையில கிடக்கும், தட்டு தன் பாட்டுக்கு சுத்தும், நடுவுல ஒரு ரப்பர் வளையம். மோட்டார் என்ன ஆட்டம் ஆடினாலும் அந்த வளையம் வாங்கிக்கும். கிளம்பக் கொஞ்சம் நேரமாகும். ஆனா கிளம்பிட்டா பேச்சே இல்ல.”

பிறகு விளக்கைக் காட்டுவார். “நம்பாதே, கண்ணால பாரு. தட்டு சரியான வேகத்துல சுத்தினா இந்த வெளிச்சத்துல புள்ளி எல்லாம் நின்ன இடத்துல நிக்கும். கொஞ்சம் வேகமானா முன்னாடி ஓடும், மெதுவானா பின்னாடி ஓடும். அசையுதா? அசையல இல்ல? அவ்வளவுதான்.”

அசையாது. ஒரு நாள்கூட அசைந்தது கிடையாது. வந்தவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் நியாயம் தவறக் கூடாது பாருங்கள். நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவள். அங்கேயும் இதே கதைதான். பெல்ட் வைத்தது சத்தமில்லாமல் ஓடும், ஆனால் பெல்ட் தளரும், வழுக்கும், அறுந்தும் போகும். நேரடி மோட்டார் வைத்தது சொன்ன வேகத்தில் நிற்கும், ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பலகை போய்விட்டால் செலவு ஆளையே முழுங்கிவிடும். எல்லாவற்றிலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும். பெரியப்பாவின் பெல்ட் அமைதியைக் கொடுத்தது உண்மை. அது எதை வாங்கியது என்பதைத்தான் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவுக்குப் பாட்டு வரும் என்று கண்டுபிடித்ததும் பெரியப்பாதான். அதையும் மறைக்கவில்லை. அவரிடம் ஒரு பாடகியின் ரெக்கார்டு ஒன்று இருந்தது, அதில் இரண்டாவது பாட்டை அக்கா ஒரே வாரத்தில் பிடித்துவிட்டாள். மறுநாளே அலமாரிக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார வைத்தார். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டு. ரெக்கார்டில் எங்கே இருக்கிறதோ அங்கேயே பாட வேண்டும், ஒரு மயிரிழை இறங்கக் கூடாது.

“இறக்கிப் பாடுறது தோத்தவங்க வேலை,” என்பார். “தட்டு எங்க நிக்குதோ நீயும் அங்க நில்லு.”

அக்காவுக்கு எட்டு வயது இருக்கும். ஒரு நாள் பாதிப் பாட்டில் நிறுத்தித் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். “பெரியப்பா, வலிக்குது. இவ்வளவு மேல வரமாட்டேங்குது.”

அவர் கோபப்படவில்லை. அவளைத் தூக்கி அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தி விளக்கைக் காட்டினார். “பாரு கண்ணு, புள்ளி அசையுதா? இல்லையே. தட்டு சரியாத்தான் ஓடுது. அப்ப தப்பு எங்க இருக்கு?”

அக்கா யோசித்துவிட்டு, “என் தொண்டையில,” என்றாள். சமத்து என்று கன்னத்தைத் தட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் அதே பாட்டு வரும்போது அவள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுக் காது கொடுப்பாள். அம்மா பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள், எதையும் எங்கள் மூலமாகத்தான் சொல்லுவாள். “பெரியப்பாகிட்ட கேளுடி, ரேடியோல அந்தப் பாட்டு கொஞ்சம் நிதானமா, கீழ இருக்கே, அது ஏன்னு,” என்றாள். நான் போய்க் கேட்டேன்.

“ஸ்டேஷன்ல ரப்பர் சக்கரம் வெச்ச மெஷின்ல ஓட்டுறான். சக்கரம் தேஞ்சிருக்கும், மெதுவாத்தான் ஓடும். உங்கம்மாவுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது,” என்றார். நான் அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்னொருத்தர் கூரைக்குக் கீழே இருப்பவளுக்குச் சந்தேகம் எல்லாம் ஆடம்பரம்.

படிப்பு முடிந்ததும் அக்கா ஒரு பாட்டுக் குழுவில் சேரப் போனாள். கீபோர்டு வாசிப்பவர்தான் குழுவுக்குத் தலைவர், எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். துணைக்கு நானும் போனேன். அவர் அந்த இரண்டாவது பாட்டை ஆரம்பித்ததும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மாஸ்டர், கீழ இருக்கு.”

“இதுதாம்மா ஒரிஜினல்.”

“எங்க வீட்ல அந்த ரெக்கார்டே இருக்கு மாஸ்டர். சின்ன வயசுலேருந்து கேக்கறேன்.”

மாஸ்டர் சிரித்துக்கொண்டே எழுந்து போய் அதே ரெக்கார்டை எடுத்து வந்தார். அவரிடம் இருந்தது மோட்டார் நேராகத் தட்டுக்கு அடியில் இருக்கிற ரகம், பக்கவாட்டில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்ன லீவர். அதில் போட்டார். பாட்டு கீழேதான் வந்தது. அக்கா முகம் சுண்டிப்போனது. பிறகு தன் குரலில் பாடிக் காட்டினாள். மாஸ்டர் வாயைப் பிளந்துவிட்டார். கீபோர்டில் சுருதியை ஏற்றும் பொத்தானை மூன்று தடவை தட்டி, “இங்கேயா? இங்கேயா பாடுவே?” என்று கேட்டார். அதற்கும் கொஞ்சம் மேலே பாடினாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னோம். பெரியப்பா அசரவே இல்லை. “அதுல ஸ்பீடு மாத்துற லீவர் இருந்துதா? இருந்துதுல்ல? தனக்கு வாசிக்க வசதியா குறைச்சு வெச்சிருக்கான். நம்மளுதுல அந்த மாதிரி திருட்டு வேலை செய்ய இடமே கிடையாது. மோட்டார் கரண்ட்டோட தாளத்துக்குத்தான் சுத்தும், வேற எவன் பேச்சும் கேக்காது.”

அந்தக் கடைசி வாக்கியம் நிஜம். அதுதான் கொடுமை.

மாஸ்டருக்கு என்ன, வந்தவரை லாபம். அவர் அவளைத் திருத்தவில்லை, அப்படியே மேடையேற்றிவிட்டார். எல்லோரும் பாடுவதைவிட மூன்று படி மேலே ஒருத்தி பாடினால் கூட்டம் சும்மா இருக்குமா? விசில் பறந்தது. அவளுக்கு ‘உச்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். கல்யாண மண்டபம், கம்பெனி விழா, கடைத் திறப்பு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கச்சேரியும் முடிந்து வந்து அக்கா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பாள். பெரியப்பா முன்னறையிலிருந்து, “ஒரு இடத்துலயும் இறங்கலையே? அதான் வேணும்,” என்பார். அவர் பெருமைக்கு அளவே இல்லை. இத்தனை வருஷம் கைதட்டினார்களே, அவர்களில் ஒருத்தருக்காவது அந்தப் பெண்ணின் கழுத்து நரம்பு புடைப்பது கண்ணில் படவில்லையா? எனக்கு அவர்கள் மேலும் கோபம்தான்.

போன வருஷம் அவள் குரல் கரகரத்தது. பிறகு உடைந்தது. ஒரு கல்யாணத்தில் இரண்டாவது சரணம் பாடும்போது வெறும் காற்றுதான் வந்தது. மாஸ்டர் சட்டென்று கீபோர்டில் மெட்டை வாசித்துச் சமாளித்தார். தொண்டை டாக்டரம்மா குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் இரண்டு பக்கமும் காய்த்துப்போன மாதிரி முடிச்சு இருக்கிறது என்றார். ஒரு மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது.

“அதுக்கப்புறம் பாடலாமா டாக்டர்?” என்று நான்தான் கேட்டேன்.

“கீழ இறக்கிப் பாடலாம். இந்தக் குரலுக்கு இயற்கையா எங்க வசதியோ அங்க. பழைய உயரத்துலதான் பாடுவேன்னா பேச்சும் சேர்ந்து போயிடும். யார் இந்தப் பொண்ணை இப்படிக் கத்தவிட்டது?”

அக்கா தலையை ஆட்டினாள். இல்லை என்ற ஆட்டல். வீட்டுக்கு வந்து, மேடைக்கு உடுத்தும் புடவைகளை எல்லாம் எடுத்து அம்மாவின் கட்டிலில் வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இறக்கிப் பாடுவதற்குப் பாடாமலே இருந்துவிடுகிறேன் என்கிறாள். பாட்டு அங்கே மேலேதான் இருக்கிறது, தன்னால் அங்கே போக முடியவில்லை, தோற்றுவிட்டோம் என்று நினைக்கிறாள். முப்பத்து நான்கு வயதில் ஒருத்தி தன் வாழ்க்கையை நான்கு மடிப்பாக மடித்துக் கட்டிலில் வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு மாதமும் அவளுக்கு வேண்டியதைக் கையைத் தட்டித்தான் கேட்டாள்.

அப்போதுதான் அந்த டீச்சரம்மா வீட்டு வேலை வந்தது. வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், வரும்போது வாஷிங் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். “என்னன்னே தெரியலம்மா, டயல் சீக்கிரமாவே முடிஞ்சிடுது. துணியில சோப்பு அப்படியே நிக்குது,” என்றார்.

பின் மூடியைக் கழற்றி லேபிளைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்பத் தெரிந்தவள் மாதிரி விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். “நம்ம தாய்நாட்டு மாதிரி இல்லம்மா, இந்த ஊர் கரண்ட் ஒரு செகண்டுக்கு அறுபது தடவை துடிக்கும். இந்த மெஷின் வந்த ஊர்ல ஐம்பதுதான். டயலைத் திருப்புற குட்டி மோட்டார் கரண்ட்டோட துடிப்பைப் பார்த்துத்தான் சுத்தும், வேற யார் பேச்சும் கேக்காது. அதனால அங்க அஞ்சு சுத்து சுத்தினது இங்க ஆறு...”

வாய் அப்படியே நின்றுவிட்டது.

வேற யார் பேச்சும் கேட்காது. இந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

“என்னாச்சும்மா? ஷாக் அடிச்சிடுச்சா?” என்று டீச்சரம்மா பதறினார்.

“ஆமாம்மா. அடிச்சிடுச்சு,” என்றேன்.

பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றும் அதற்கு மேல் கொஞ்சமும் சுற்ற வேண்டும். அஞ்சுக்கு ஆறு என்றால் நாற்பது. நாற்பது சுற்று சுற்றினால் பாட்டு வேகமாகும், மூன்று படிக்கும் கொஞ்சம் மேலே ஏறும். அப்படியானால் புள்ளி ஓடியிருக்க வேண்டுமே? அங்கேதான் எனக்கு விளங்கியது. அந்தச் சிவப்பு விளக்கும் அதே கரண்ட்டில்தான் எரிகிறது. மோட்டார் எத்தனை பங்கு வேகமாகச் சுற்றுகிறதோ அதே பங்கு வேகமாக விளக்கும் விட்டுவிட்டு எரிகிறது. அப்புறம் புள்ளி எப்படி அசையும்? திருடனையும் போலீஸையும் ஒரே வீட்டில் வளர்த்துவிட்டு, வீட்டில் திருட்டே நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

நான் உள்ளே நுழைந்தபோது பெரியப்பா முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே அலமாரிக்குப் போய்ப் பிளேயரின் மூடியைத் தூக்கினேன்.

“ஏய்! துணி துவைக்கிற மெஷின்ல போட்ட கையை அதுல வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“இன்னைக்கு வைக்கப்போறேன்.”

தட்டைத் தூக்கிச் சோபாவில் வைத்தேன். அடியில் பெல்ட், அதன் மறுமுனையில் மோட்டார், மோட்டாரில் பெல்ட்டை ஓட்டும் அந்தப் பித்தளை உருளை. பக்கத்தில் ஒட்டியிருந்த லேபிளில் ஐம்பது என்று அச்சடித்திருந்தது. நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது இன்னொன்று இருந்தது. பெட்டியின் உள்சுவரில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு பித்தளை உருளை, கொஞ்சம் ஒல்லியானது, மாட்டினால் தட்டை மெதுவாகச் சுற்றவைப்பது. அறுபது துடிப்பு ஊர்க்காரர்களுக்காகக் கம்பெனிக்காரனே கூடவே கொடுத்து அனுப்பியது. அந்த உறையைச் சுவரோடு ஒட்டியிருந்தது கறுப்பு டேப். டேப்பின் நுனி மடித்திருந்தது.

அந்த நுனியைப் பிடித்து டேப்பைப் பிரித்தேன். கம்பெனிக்காரன் நுனியை மடிக்கமாட்டான்.

“பெரியப்பா, இது என்ன?”

“அது எக்ஸ்ட்ரா. கூட வந்தது.”

“எதுக்கு எக்ஸ்ட்ரா?”

“எதுக்கோ. உனக்கு எதுக்கு இப்ப? புள்ளி அசையாம நிக்குதுல்ல?”

“விளக்கும் அதே கரண்ட்டுலதானே பெரியப்பா எரியுது!”

“எனக்குத் தெரியாதா?” என்று கத்திவிட்டார். “இருபது வருஷம் கப்பல்ல கரண்ட்டோட குடித்தனம் பண்ணவன்கிட்டயே வந்து...”

அப்புறம்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“எப்ப தெரியும்?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “எப்ப தெரியும்னு கேக்கறேன்!”

“வாங்கினப்ப தெரியாது. சத்தியமா தெரியாது. பெல்ட் மாத்தத் தொறந்தப்பதான் அதைப் பார்த்தேன். பெரியவ மாஸ்டர்கிட்ட சேர்ந்தாளே, அதுக்கு அடுத்த வாரம். மாட்டிப் பார்த்தேன். பாட்டு எங்கேயோ இறங்கிப்போச்சு, யாரோ பாடுற மாதிரி இருந்துச்சு. இவ அந்த உசரத்துலயே நல்லாத்தானே பாடிக்கிட்டிருந்தா. ஊரே கை தட்டுது. இதுல நான் போய் எதைக் குழப்பறது? எத்தனை பேரை இங்க உக்காரவெச்சு இந்தப் புள்ளியைக் காட்டியிருக்கேன்...”

“அதனால?”

“அதனால பழையதையே மாட்டிட்டேன்.”

என் வாழ்க்கையில் யாரையும் நான் அடித்தது இல்லை. அன்று என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, அதைக் கீழே போட்டுவிட்டேன், எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் முதலில் பேசியது நான் இல்லை. சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“நான் கேட்டேன். ரேடியோல வேற மாதிரி இருக்கேன்னு பிள்ளையை அனுப்பிக் கேட்டேன். உனக்கு என்ன தெரியும்னு சொல்லியனுப்பினீங்க. தங்க இடம் கொடுத்தவர் சொல்றாரேன்னு என் காதையே நான் நம்பல. என் பிள்ளை உப்புத் தண்ணில கொப்பளிச்சப்பல்லாம் நீங்க இந்த நாற்காலிலதானே உக்காந்திருந்தீங்க? தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்களா?”

பெரியப்பா குனிந்து டீ கிளாஸை நகர்த்தி வைத்தார். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

கீழே குனிந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பழைய உருளையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். அதன் திருகாணியில் ஏற்கனவே ஒரு தடவை திருகிய தடம் இருந்தது. பெல்ட்டைப் போட்டு, தட்டை வைத்து, அந்த ரெக்கார்டை எடுத்து இரண்டாவது பாட்டில் ஊசியை வைத்தேன்.

ஒரு பெண் பாடினாள். சின்னப் பெண் இல்லை, விவரம் தெரிந்த, வயது வந்த ஒரு பெண். அவசரமே இல்லாமல், மூச்சு வாங்க இடம் விட்டு, பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டே பாடுகிற மாதிரிப் பாடினாள். இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் கத்திக்கொண்டிருந்தவள் இவள் இல்லை. அந்தப் பாட்டில் யாரும் உச்சிக்குப் போகவே இல்லை. அக்கா நகவெட்டியைப் பிடித்தபடியே கேட்டாள். முடிந்ததும் எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாய் விட்டு அழக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. அம்மா கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு மிச்சம் இருந்த நாட்களில் அக்கா தினமும் அந்த ரெக்கார்டைப் போட்டுக் கேட்டாள். உதடுகூட அசையவில்லை. பெரியப்பா முன்னறைப் பக்கம் வரவில்லை. சாப்பாட்டை அம்மா அவர் அறை வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவாள். தெருவில் யாரோ அவரை வழக்கம்போலப் ‘பெல்ட்டு’ என்று கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தாராம்.

டாக்டரம்மா மறுபடி பார்த்தார். முடிச்சு வாடியிருக்கிறது, மெல்லப் பேசலாம், கீழ்ச்சுருதியில் கொஞ்சம் பாடிப் பார்க்கலாம் என்றார். அக்கா அங்கே எதுவும் பேசவில்லை. வரும் வழியிலும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு நேரே அலமாரிக்குப் போய் ரெக்கார்டைப் போட்டாள்.

பாட்டுச் சத்தம் கேட்டுப் பெரியப்பா தன் அறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். ஆள் இளைத்துத்தான் இருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன், ஒரு நிமிஷம் என் கோபம்கூடக் கொஞ்சம் தணிந்தது. அவர் அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தட்டின் விளிம்பைப் பார்த்தார். அந்தப் புள்ளிகள் ஐம்பது துடிப்பு ஊருக்காகப் போட்டவை. இப்போது தட்டு சரியாகச் சுற்றுகிறது, எங்கள் ஊர் விளக்கின் கீழே புள்ளிகள் பின்னால் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

“புள்ளி ஓடுது பாரு,” என்றார். “நிக்கவே இல்ல. மெதுவா இருக்கு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா திரும்பினாள். ஒரு மாதமாக உபயோகிக்காத குரல், துருப்பிடித்த மாதிரி வந்தது, ஆனால் வந்தது.

“எட்டு வயசுல வலிக்குதுன்னு சொன்னேன் பெரியப்பா. என்னைத் தூக்கிப் புள்ளியைக் காட்டினீங்க.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓடட்டும்,” என்றாள் அக்கா. பிறகு அவருக்கு முதுகைக் காட்டி நின்று, ரெக்கார்டில் அந்தப் பெண் எங்கே பாடிக்கொண்டிருந்தாளோ அங்கேயே சேர்ந்துகொண்டு பாடினாள். கழுத்து நரம்பு புடைக்கவில்லை.